துறைமுகம் வரும் கப்பல்: சுகாதார அறிவிப்பும் சுத்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பலில் மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். பல வருடங்கள் அந்தச் சாவியை வைத்திருந்தவன் நான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்னால் சுகாதாரப் படிவத்தை நிரப்பி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கி, துறைமுகத்தில் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்டுக்கு அனுப்புவது என் வேலை. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களும், ஏஜென்ட் அலுவலகத்தில் சேர்ந்த இளைஞர்களும், கப்பலுக்குப் போனவர்களின் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கப்பல் வந்து சேர்வதற்கும் சுகாதாரத் துறைக்கும் என்ன சம்பந்தம்?

நோய் தானாகக் கடல் தாண்டுவதில்லை. ஆள், எலி, கொசு, தண்ணீர், உணவு என்று ஏதாவது ஒன்றில் ஏறித்தான் வருகிறது. இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுமந்து வருவது கப்பல். பிளேக்குக்குப் பயந்து 1377-ல் ரகூசா நகரம் (இன்றைய டுப்ரோவ்னிக்) வெளியூர்க்காரர்களை முப்பது நாள் தள்ளி நிறுத்தியது. வெனிஸ் அதை நாற்பது நாள் ஆக்கியது. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ வந்தது.

இன்று உலகம் முழுவதற்கும் அடிப்படையாக இருப்பது உலக சுகாதார அமைப்பின் சர்வதேச சுகாதார விதிமுறைகள். 2005-ல் திருத்தி எழுதப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 190-க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. நோய் பரவாமல் தடுக்க வேண்டும், அதே நேரம் போக்குவரத்தையும் வணிகத்தையும் தேவையில்லாமல் முடக்கக் கூடாது என்பது இதன் நோக்கம். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பலைப் பிடித்து வைப்பதற்காகவே எழுதிய சட்டம் என்று நினைத்துக்கொண்டு உண்மையை மறைக்கிறார்கள்.

‘பிராட்டிக்’ கிடைத்துவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்களே, அது என்ன?

சுகாதார அனுமதி. ஃப்ரீ பிராட்டிக் கிடைத்தால் கப்பல் உள்ளே வரலாம், ஆட்கள் இறங்கலாம், ஏறலாம், சரக்கைக் கையாளலாம், எண்ணெயும் தண்ணீரும் சாமான்களும் எடுக்கலாம். அதற்கு முன்னால் யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

முன்பு சுகாதார அதிகாரி படகில் வந்து ஏறிப் பார்த்த பிறகுதான் கிடைக்கும். இப்போது பெரும்பாலும் வருமுன்பே வானொலியிலோ மின்னஞ்சலிலோ வந்துவிடுகிறது. முன்கூட்டி அனுப்பிய தகவலைப் பார்த்து, இந்தக் கப்பலால் நோய் வராது என்று துறைமுகம் கருதினால், முடிந்தவரை அப்படித் தொலைவிலிருந்தே அனுமதி கொடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

மஞ்சள் கொடி ஏற்றினால் கப்பலில் நோய் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை, நேர் எதிர். சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டில் கியூ என்ற மஞ்சள் கொடிக்கு, ‘என் கப்பல் ஆரோக்கியமாக இருக்கிறது, பிராட்டிக் வேண்டும்’ என்று பொருள். பழைய காலத்தில் மஞ்சளை நோய்க்கொடியாகப் பறக்கவிட்டதால் வந்த குழப்பம் இது.

படிவத்தில் என்னதான் கேட்கிறார்கள்?

இதன் பெயர் கடல்சார் சுகாதார அறிவிப்பு. விதிமுறைகளின் எட்டாவது இணைப்பில் இதன் மாதிரி இருக்கிறது. மேல் பாதியில் கப்பலின் பெயர், பதிவு எண், கேப்டன் பெயர், எங்கிருந்து எங்கே, சுகாதாரச் சான்றிதழ் எங்கே எப்போது வாங்கியது என்ற விவரங்கள். அப்புறம் பயணம் தொடங்கியதிலிருந்து, அல்லது கடந்த முப்பது நாளில், எது குறைவோ அந்தக் காலத்தில் தொட்ட துறைமுகங்கள், புறப்பட்ட தேதிகள்.

அதற்குக் கீழே ஒன்பது கேள்விகள். விபத்து தவிர வேறு காரணத்தால் யாராவது இறந்தார்களா? தொற்று என்று சந்தேகப்படும் நோய் இருக்கிறதா, அல்லது பயணத்தில் இருந்ததா? வழக்கத்தைவிட அதிகம் பேர் நோயுற்றார்களா? இப்போது யாருக்காவது உடல்நலம் சரியில்லையா? மருத்துவரைக் கலந்தீர்களா? தொற்று பரவக்கூடிய நிலைமை ஏதாவது கப்பலில் உண்டா? தனிமைப்படுத்தல், கிருமிநீக்கம் போன்றவை செய்தீர்களா? திருட்டுத்தனமாக ஏறியவர்கள் யாராவது கிடைத்தார்களா? நோயுற்ற விலங்கு உண்டா?

இரண்டு இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். முதலாவது, இரண்டாம் கேள்வியில் உள்ள ‘பயணத்தில் இருந்ததா’ என்பது. பத்து நாளுக்கு முன்னால் ஒருவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்து இப்போது குணமாகிவிட்டாலும், பதில் ‘ஆம்’தான். இரண்டாவது, திருட்டுத்தனமாக ஏறியவர்கள் பற்றிய கேள்வி. அது குடியேற்றத் துறையின் விஷயம், சுகாதாரப் படிவத்தில் எதற்கு என்று கேட்பார்கள். அவர் எங்கே இருந்தார், என்ன தடுப்பூசி போட்டார், யாரோடு பழகினார் என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறார்கள்.

ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் பின்னிணைப்பில் விவரம் எழுத வேண்டும்: பெயர், வேலை, வயது, கப்பலில் சேர்ந்த தேதி, நோயின் தன்மை, அறிகுறி தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, இப்போது ஆள் எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார். ‘அறிகுறி தொடங்கிய நாள்’ என்பது உங்களிடம் சொன்ன நாள் அல்ல. அந்த ஒரு தேதியை வைத்துத்தான் நோய் எந்தத் துறைமுகத்தில் பிடித்திருக்கும் என்று சுகாதார அதிகாரி கணக்குப் போடுகிறார். கையெழுத்து கேப்டனுடையது, கப்பலில் மருத்துவர் இருந்தால் அவருடையதும் வேண்டும்.

எங்கள் கப்பலில் மருத்துவர் இல்லை. தொற்றுநோய் என்று நாங்கள் எப்படி முடிவு செய்வது?

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் மருத்துவர் கிடையாது. நூறு பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, மூன்று நாளுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் மருத்துவர் கட்டாயம். அதனால் படிவத்திலேயே உதவி இருக்கிறது. நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அறிகுறியைப் பார்த்தால் போதும்.

காய்ச்சல் பல நாள் நீடித்தால் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சலோடு மிகுந்த சோர்வு, நினைவு மங்கல், நெறி கட்டுதல், மஞ்சள் காமாலை, இருமல் அல்லது மூச்சிரைப்பு, வழக்கமில்லாத ரத்தக்கசிவு, பக்கவாதம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திடீர்த் தடிப்பு, கடும் வாந்தி (கடல் குமட்டல் இதில் சேராது), கடும் வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப வலிப்பு வந்தாலும் அப்படியே.

ஆனால் அறிகுறி உங்கள் கண்ணுக்கு வர வேண்டுமே, அங்கேதான் கஷ்டம். ஒருமுறை எஞ்சின் அறையில் வேலை பார்த்த ஒருவருடைய தட்டு மூன்று வேளையாகத் தொடாமலே திரும்பி வருகிறது என்று சமையல்காரர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். தலையணைக்கு அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால் அட்டை, பத்தில் இரண்டுதான் மிச்சம். “சார், ரெண்டு நாள்ல சரியாயிடும், எழுதிடாதீங்க” என்றார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தக் காய்ச்சலோடு நான்கு வாட்ச் (முறைப்பணி) பார்த்திருக்கிறார். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மலேரியா உள்ள ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தோம். கேப்டன் உடனே வானொலி மருத்துவ ஆலோசனை கேட்டார், துறைமுகத்துக்கும் செய்தி போனது. நாங்கள் நங்கூரம் போட்டதுமே சுகாதாரப் படகு பக்கத்தில் வந்து நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மலேரியாதான். அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள், அன்று மாலையே எங்களுக்குப் பிராட்டிக் கிடைத்தது.

மலேரியாவில் நாள் தவறினால் உயிர் போகும். அதனால் அடுத்துச் சேர்ந்த கப்பல்களில், சமையல்காரரிடம் ‘யார் சாப்பிடவில்லை’ என்று தினமும் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தத் தெர்மாமீட்டரையும்விட அது எனக்கு அதிகம் காட்டிக்கொடுத்திருக்கிறது.

வானொலி மருத்துவ ஆலோசனை என்றால்?

நடுக்கடலிலிருந்து கரையில் உள்ள மருத்துவரிடம் கேட்கும் சேவை. ரோமில் உள்ள சர்வதேச வானொலி மருத்துவ மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கொடிக் கப்பலுக்கும் இலவசமாக இதைச் செய்கிறது. வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. கூப்பிடத் தயங்காதீர்கள். கூப்பிட்ட நேரத்தையும் சொன்ன ஆலோசனையையும் மருத்துவப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

எவ்வளவு முன்னால் தெரிவிக்க வேண்டும்?

வழக்கமான படிவத்துக்கு ஒவ்வொரு துறைமுகமும் ஒரு மணிக் கணக்கு வைத்திருக்கும். ஏஜென்ட் அதைச் சொல்லிவிடுவார். ஆனால் தொற்று என்று சந்தேகப்படும் நோயோ, பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான வேறு எதுவுமோ இருந்தால், அந்தக் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. தெரிந்தவுடன், வருவதற்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கேப்டன் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படிவம் அனுப்பிய பிறகு ஒருவர் படுத்துவிட்டால்? திருத்திய படிவத்தை அனுப்புங்கள். ‘அனுப்பும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்’ என்பது பதில் ஆகாது.

உண்மையைச் சொன்னால் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா?

எல்லோருடைய மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான். விதிமுறைகளின் 28-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுச் சுகாதாரக் காரணத்தைச் சொல்லி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது. அந்தத் துறைமுகத்தில் தேவையான வசதி இல்லையென்றால், பக்கத்தில் உள்ள தகுந்த துறைமுகத்துக்குப் போகச் சொல்லலாம். பிராட்டிக்கையும் மறுக்கக் கூடாது. சோதனை செய்யலாம், கிருமிநீக்கம் செய்யச் சொல்லலாம், அது முடியும்வரை காத்திருக்கச் சொல்லலாம். கூடுதல் கட்டுப்பாடு விதிக்கும் நாடு அதற்கு அறிவியல் அடிப்படையைக் காட்ட வேண்டும்.

நடைமுறை எப்போதும் அப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் என்ற பயணிகள் கப்பலை ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில்தான் இடம் கொடுத்தது. அதே மாதம் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஆட்களை உள்ளேயே வைத்துத் தனிமைப்படுத்தினார்கள். 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. அந்த ஆண்டில் லட்சக்கணக்கான மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியில்லாமல் கடலிலேயே கிடந்தார்கள். அதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அது பெருந்தொற்றுக் காலம். சாதாரண நாட்களில், முன்கூட்டிச் சொன்ன கப்பலுக்கு ஆம்புலன்ஸ் காத்திருக்கும். மறைத்த கப்பலில் பின்னால் தெரியவந்தால் வேலை நிற்கும், ஏறி இறங்கிய ஒவ்வொருவரையும் தேட வேண்டி வரும், கேப்டன் அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கப்பல் சுகாதாரச் சான்றிதழ் எத்தனை மாதம் செல்லும்?

ஆறு மாதம். முடியும் நேரத்தில் சோதனை நடத்த வசதியில்லாத துறைமுகத்தில் இருந்தால், ஒரு மாதம் நீட்டிக்கலாம்.

இதில் இரண்டு வகை. சோதனையில் தொற்றுக்கோ மாசுக்கோ அடையாளம் எதுவும் இல்லையென்றால் விலக்குச் சான்றிதழ். ஏதாவது இருந்து, அதைச் சரிசெய்த பிறகு கொடுப்பது கட்டுப்பாட்டுச் சான்றிதழ். கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வாங்கினால் கப்பலுக்குக் கெட்ட பெயர் என்று சிலர் வருந்துகிறார்கள். குறை இருந்தது, தீர்த்துவிட்டார்கள் என்பதற்கான சாட்சி அது, அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இந்தச் சான்றிதழை எல்லாத் துறைமுகத்திலும் வாங்க முடியாது. அதிகாரம் பெற்ற துறைமுகங்களின் பட்டியலை உலக சுகாதார அமைப்பு வெளியிடுகிறது. சரக்குத் தளங்கள் காலியாக இருக்கும்போது சோதனைக்கு ஏற்பாடு செய்வது நல்லது. முழுவதும் பார்க்க முடிந்தால்தான் விலக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஏஜென்டிடம் பேசத் தொடங்குங்கள்.

சோதனைக்கு வருகிறவர் எங்கே பார்ப்பார்?

சமையற்கூடம், உணவு அறைகள், தங்கும் அறைகள், குடிநீர், கழிவுநீர், பேலஸ்ட் தொட்டிகள் (கப்பல் நிலையாக நிற்பதற்காகத் தண்ணீர் நிரப்புபவை), குப்பையும் மருத்துவக் கழிவும், தேங்கிய தண்ணீர், எஞ்சின் அறை, மருத்துவ அறை, சரக்குத் தளம் எல்லாவற்றையும் பார்க்கலாம். நேரம் குறைவாக இருந்தால், என் அனுபவத்தில், அவர்கள் நேராகப் போவது இரண்டு இடத்துக்கு: தண்ணீர், சமையல்.

குடிநீர் எடுக்கும் குழாயைப் பற்றிச் சொல்கிறேன். அது குடிநீருக்கு மட்டுமே இருக்க வேண்டும், அப்படியென்று எழுதியிருக்க வேண்டும், இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும், தரையில் படாமல் பெட்டிக்குள் தொங்க வேண்டும். ஒரு கப்பலில் நான் சேர்ந்த முதல் நாள் பார்த்தேன்: குழாய் மேல்தளத்தில் சுருண்டு கிடக்கிறது, திறந்த முனை துருவும் எண்ணெயும் கலந்த குட்டையில் முங்கியிருக்கிறது. மறுநாள் அதே குழாயால்தான் தொட்டியை நிரப்பப் போகிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அது குடிநீர்க் குழாய் என்று சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவுதான். குழாயை இணைப்பதற்கு முன் கரைத் தண்ணீரைச் சிறிது நேரம் வழியவிடுங்கள். குழாய்த் திறப்பில் வரும் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அளந்து தேதியோடு எழுதிவைத்த நோட்டு இருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

வெந்நீரும் கவனம். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி 25 முதல் 50 டிகிரி வரை நன்றாக வளரும். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும். ஆளில்லாத அறைகளின் ஷவரை வாரம் ஒருமுறை திறந்து ஓடவிடுங்கள்.

சமையற்கூடத்தில் விதி சுலபம்: குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே, சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. சமையல்காரருக்கு வயிறு சரியில்லையென்றால் அன்று அவர் அடுப்படிக்கே வரக் கூடாது. சின்னக் குழுவில் இது கஷ்டம்தான். ஆனால் அவர் ஒருவரை நிறுத்தாவிட்டால், மொத்தக் குழுவும் படுத்துவிடலாம்.

எலிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

1894-ல் ஹாங்காங்கை அடைந்த பிளேக், கப்பல்கள் வழியாகத் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருகிறது என்று 1898-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கண்டு சொன்னார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் கப்பல்களின் முக்கியச் சுகாதாரச் சான்றிதழே எலி ஒழிப்புச் சான்றிதழாகத்தான் இருந்தது. 2007-ல் இப்போதைய சான்றிதழ் அதன் இடத்துக்கு வந்தது.

கட்டும் கயிறு ஒவ்வொன்றிலும் எலித் தடுப்புத் தகடு போடுங்கள். தகட்டுக்கும் கயிற்றுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் அது வெறும் அலங்காரம். இரவில் ஏணியில் வெளிச்சம் இருக்கட்டும். புழுக்கை, கடித்த மூட்டை, எண்ணெய்ப் பிசுக்குத் தடம் கண்ணில் பட்டால் அன்றே பதிவு செய்யுங்கள்.

கொசு கடலில் எப்படி வரும்?

தேங்கிய தண்ணீர் இருந்தால் போதும். லைஃப்போட் உறையின் பள்ளம், சரக்கு மூடிகளின் ஓரம், காலி டிரம் எல்லாம் அதற்குத் தொட்டில். ஏடிஸ் வகைக் கொசுவின் முட்டைகள் காய்ந்தும் பல மாதம் தாங்கும், மழை பட்டால் பொரியும். 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசியப் புலிக் கொசு குடியேறியிருப்பது தெரிந்தது. பழைய டயர்ச் சரக்கோடு கப்பலில் வந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். துறைமுகத்துக்கும் இதில் கடமை உண்டு: தன் வளாகத்திலிருந்து குறைந்தது 400 மீட்டர் தூரம்வரை நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த அது திட்டம் வைத்திருக்க வேண்டும்.

கழிவும் பேலஸ்ட் தண்ணீரும்?

இவற்றுக்குத் தனி ஒப்பந்தங்கள். கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் விதிப்படி, சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக வெளியேற்றலாம். அரைத்துக் கிருமி நீக்கியது என்றால் 3 மைலுக்கு அப்பால். பேலஸ்ட் நீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில் காலரா கிருமிக்கும் அதில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஊசி, பிளேடு போன்றவற்றைக் குத்தித் துளைக்க முடியாத டப்பாவில் போட்டுக் கரையில் ஒப்படையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை எத்தனை வருடம் செல்லும்?

வாழ்நாள் முழுவதும். 2016 ஜூலை 11 முதல் இப்படித்தான், பழைய அட்டைக்கும் பொருந்தும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகத் தொடங்கும். கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

பரிசோதனைக்கு மாலுமியிடம் பணம் கேட்கலாமா?

பொதுச் சுகாதாரத்துக்காகச் சுகாதாரத் துறையே செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கும், கட்டாயத் தனிமைப்படுத்தலுக்கும் பயணியிடமோ மாலுமியிடமோ கட்டணம் வாங்கக் கூடாது. கப்பல் சோதனைக்கும் சான்றிதழுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அது முன்கூட்டி வெளியிடப்பட்டு, எந்த நாட்டுக் கொடி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் கணவர் காய்ச்சல் என்று சொன்னால் சம்பளம் போய்விடுமா?

இதைக் கேட்காத வீடு இல்லை. போகாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, நோயுற்ற மாலுமி கப்பலில் இருக்கும்வரை, அல்லது ஊர் திரும்பும்வரை, முழுச் சம்பளம் உண்டு. அதன் பிறகு நாட்டுச் சட்டப்படி முழுதாகவோ பகுதியாகவோ தொடரும். அந்தக் காலத்துக்கு வரம்பு வைத்தாலும் 16 வாரத்துக்குக் குறைக்கக் கூடாது. மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளருடையது. உடல்நலத் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கடமை சுகாதாரத் துறைக்கும் உண்டு.

இதைக் கப்பல் ஏறும் முன்பே அவரிடம் சொல்லி அனுப்புங்கள். நான் அந்தப் பாராசிட்டமால் அட்டையைக் கையில் எடுத்தபோது அந்த எஞ்சின் அறை ஆள் என்னிடம் முதலில் கேட்டதும் மருந்தைப் பற்றி இல்லை, “சார், சம்பளம்?” என்றுதான்.